குளிராத எழுத்து

உளியார் வெட்டிய எழுத்தில் பிழை இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதோடு நின்றிருந்தால் ஒரு கெடுதலும் இல்லை. உளியாரும் அதையே சொல்ல ஆரம்பித்தார். பட்டறை வாசலில் பலகை மாட்டினார்: "கல்லறைக் கற்கள் பிழையின்றி வெட்டித் தரப்படும்." யாரும் கேட்காமலே கொடுத்த வாக்கு அது. கேட்காமல் கொடுக்கிற வாக்குதான் பிறகு கழுத்தைப் பிடிக்கும்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை. தன் கல்யாணத்துக்கே கோட்டுப் பையில் உளியோடு வந்த மனிதர் அவர். மோதிரத்தை எடுங்கள் என்று போதகர் சொன்னதும் பைக்குள் கையை விட்டு உளியை எடுத்து நீட்டினார். சபையே சிரித்தது, மணப்பெண் உட்பட. அன்றைக்கு ஒட்டிய பெயர் இருபத்திரண்டு வருஷமாகப் போகவில்லை. மனைவியே அவர் முதுகுக்குப் பின்னால் "எங்க உளி" என்றுதான் சொல்வாள்.

பதினெட்டு வயதில் சமையல்மேடைக் கல் அறுக்கிற தொழிற்சாலையில் சேர்ந்தவர். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மேஸ்திரி ஒருநாள் ஒரு கல்லறைக் கல்லைக் கொடுத்துப் பார்த்தார். அதோடு அடுப்பங்கரை போய்க் கல்லறை வந்தது. வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிக்கொள்வார். பிறகு கடைசி எழுத்தில் ஆரம்பித்து முதல் எழுத்து வரைக்கும் பின்பக்கமாக ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். "நேரா படிச்சா மனசு தனக்கு வேணுங்கிறதைப் படிச்சுக்கும். பின்னாடியிருந்து படிச்சா கல்லுல இருக்கறதைத்தான் படிக்கும்" என்பார். உண்மையிலேயே நல்ல வழக்கம்தான். ஒரே ஒரு தடவை தவிர அவர் அதை விட்டதில்லை.

ஆனால் அந்தக் கண் பட்டறையோடு நிற்காது. மருந்துக் கடைப் பெயர்ப் பலகை, பஸ் டிக்கெட், சபை அறிக்கைத் தாள், எதைக் கொடுத்தாலும் பேனாவை எடுத்துவிடுவார். ஞாயிறுதோறும் பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுகிற ஊழியம் அவருடையது. எண்ணை மாட்டிவிட்டுக் கீழே உட்காராமல் போதகரின் பிரசங்கக் குறிப்பை எட்டிப் பார்த்து ஒரு கால் திருத்துவார், ஒரு புள்ளி வைப்பார். போதகர் சிரித்தபடி பொறுத்துக்கொள்வார். எல்லோருக்கும் அவ்வளவு பொறுமை இருக்குமா?

இருக்காது என்பதை மனைவி காட்டினாள். அவள் தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். அவளுடைய தம்பி புது வீடு கட்டி ஜெபத்துக்கு அழைப்பிதழ் அடித்துக்கொண்டு வந்தான். மாமனார் வீட்டில் இருபது பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் உளியார் அதை வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மூணு பிழை" என்றார். தம்பியின் முகம் விழுந்துவிட்டது.

"என் தம்பி என்ன பரீட்சையா எழுதிக் கொண்டுவந்தான், நீங்க மார்க் போட?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. மூன்று நாள் பேச்சே இல்லை. சோறு வரும், தண்ணீர் வரும், சொல் வராது. உளியாருக்குக் கல்லோடு பேசிப் பழக்கம்தான் என்றாலும் கல்லே பெண்டாட்டியானால் தாங்குமா? மனிதர் இளைத்துப் போனார்.

அந்த வாரத்தில்தான் வாத்தியார் வந்தார்.

முப்பது வருஷம் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் அவர். சபையில் ஆர்மோனியம் வாசிப்பவரும் அவரே. ஒரு கண் வெகுநாளைக்கு முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் புரை. அறுவை செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னபோது மனைவி படுத்த படுக்கையாக இருந்தாள். "அவளைப் பார்க்க வேண்டிய நேரத்துல நான் போய்ப் படுக்கிறதா?" என்று தள்ளிப்போட்டார். இரண்டு வருஷம் தள்ளியதில் பார்வை பாலில் விழுந்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. இருந்தாலும் விரல் இருந்தது. பொத்தான் போடுவது, மூடியைத் தடவி மருந்துப் புட்டியைக் கண்டுபிடிப்பது, சூடு பார்த்துத் தேநீர் ஊற்றுவது, மனைவியின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்வது, எல்லாம் விரல்தான். ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியத்தில் அந்த விரல்கள் உட்காரும்போது கண் தெரியாதவர் வாசிக்கிறார் என்று யாருக்கும் தோன்றாது. மனைவியை அடக்கம் செய்த வாரத்தில்கூட வந்து வாசித்தார்.

பட்டறையில் உட்கார்ந்து, மனைவியின் கல்லறைக் கல்லில் வரவேண்டியதை அவர் சொல்லச் சொல்ல உளியார் எழுதிக்கொண்டார். கடைசி வரி: உன்னை என்றும் மறவோம்.

"மறக்க மாட்டோம்னு போடலாமா சார்?"

"வேண்டாம் தம்பி. மறவோம். நாலே எழுத்து. மாட்டோம், இல்லைன்னு எதுவும் வெளிய வந்து நிக்காது. இல்லைங்கிறது உள்ளயே ஒளிஞ்சிருக்கும். தமிழ்ல எனக்குப் பிடிச்ச விஷயம் அது." வாத்தியார் சிரித்தார். மனைவி போன பிறகு அவர் சிரித்ததை உளியார் அன்றுதான் பார்த்தார். "மகள் வெளிநாட்டுல இருக்கா, வர முடியல. எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கல் நட்டு ஜெபம் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை மதியம் கடைசி வரிதான் பாக்கி. அப்போது பட்டறைக்கு உளியாரின் மனைவி வந்தாள், கையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு. பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"சரி விடுங்க. நடந்ததை மறப்போம்" என்றாள்.

உளியாருக்குத் தலைகால் புரியவில்லை. அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். அவள் போன பிறகும் வாயில் அதே சொல்தான். மறப்போம், மறப்போம் என்று சுத்தியலுக்குத் தாளம் போட்டுக்கொண்டே வேலை செய்தார். பின்பக்கமிருந்து சரிபார்க்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவனுக்குச் சரிபார்க்க எங்கே தோன்றுகிறது? வெட்டி முடித்து, தூசியை ஊதி, வெள்ளைப் பூச்சு பூசித் துடைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று பார்த்தார்.

உன்னை என்றும் மறப்போம்.

உட்கார்ந்துவிட்டார். ஒரு புருஷன் தன் பெண்டாட்டியின் தலைமாட்டில் நின்று, உன்னை எப்போதைக்கும் மறந்துவிடப் போகிறோம் என்று கல்லில் எழுதி வைப்பதா? அதுவும் தமிழ் வாத்தியார்! வேறு கல் வர மூன்று வாரமாகும். வாத்தியார் வீட்டுக்குப் போய், "சார், தப்பு பண்ணிட்டேன், மூணு வாரம் பொறுங்க" என்று சொன்னால் முடிந்துவிடும். பத்து நிமிஷ நடை. உளியார் வாசல் வரைக்கும் வந்தார். நிமிர்ந்ததும் பலகை கண்ணில் பட்டது. பிழையின்றி. திரும்பி உள்ளே போனார்.

கல்தூளைப் பசையில் குழைத்து 'ப்போ'வை அப்படியே அடைத்தார். இறுகியதும் தேய்த்து மெருகேற்றி, அதன் மேலேயே 'வோ' வெட்டினார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பூசி மெழுகுவது என்று வாயால் சொல்கிறோமே, அதைக் கையால் செய்தவர் உளியார்.

மறுநாள் கல்லறையில் பத்துப் பதினைந்து பேர். ஜெபம் முடிந்ததும் வாத்தியார் மண்டியிட்டுக் கல்லைத் தடவினார். மனைவியின் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். காலைக் குளிரில் கல் சில்லென்று இருந்திருக்கும். விரல் கடைசி வரிக்கு வந்தது. ம. ற. அங்கே நின்றது. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடியும் நின்றது.

"தம்பி, இந்த இடம் மட்டும் ஏன் குளிரல?"

கருங்கல் குளிரும். பசை குளிராது. இத்தனை வருஷத் தொழிலில் உளியாருக்கு அது தெரியாமலில்லை. விரலால் பார்க்கிற மனிதர் ஒருவர் வருவார் என்பதுதான் தோன்றவில்லை.  எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"வெயில் பட்டிருக்கும் சார்" என்றார். "எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கு. உங்க விரலுக்கு அப்படித் தோணுது."

வாத்தியார் கையை எடுத்துக்கொண்டார். "அப்படியா" என்றார். விரல்களை ஒருதரம் தேய்த்துப் பார்த்துக்கொண்டார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வேதத்தில் ஒரு மகன் ரோமத் தோலைக் கையில் சுற்றிக்கொண்டு பார்வையில்லாத தகப்பனிடம் போய் நின்ற கதையை உளியார் ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கிறார். அண்ணன் வேஷத்தில் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு போன மகன் அவன். சின்ன வயதில் அந்த மகனின் சாமர்த்தியம் உளியாருக்குப் பிடித்திருந்தது. இப்போது தகப்பனின் கை ஞாபகம் வந்தது. தடவித் தடவிச் சந்தேகப்பட்டும், கடைசியில் தன் கையை நம்பாமல் அடுத்தவன் வாயை நம்பிய தகப்பன். அன்றைக்கு உளியார் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த மாதம் புள்ளி விழுந்தது. 'ப்' மேலிருக்கிற புள்ளிதான். அவசரத்தில் குழைத்த பசை, வெயிலும் பனியும் பட்டு முதலில் அதைத்தான் துப்பியது. உளியார் ஓடிப்போய் அடைத்தார். பிறகு வாரம் தவறாமல் போனார். துணியை நனைத்துக் கல்லைத் துடைப்பதுபோல ஒரு கையால் துடைத்து, மறு கையால் பசை வைப்பார். பொய்க்கும் பராமரிப்பு வேண்டியிருக்கிறது, பாருங்கள். உண்மைக் கல்லை நட்டுவிட்டு வந்தால் நூறு வருஷம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம்.

கல்லறைத் தோட்டக்காரர் இதைப் பார்த்தார். "யார் வீட்டுக் கல்லறையையோ சொந்த அக்கா கல்லறை மாதிரித் தொடைக்கிறாரே" என்று உருகினார். உருகியது போதகர் காதுக்குப் போயிற்று. அன்பின் கிரியைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்த ஞாயிறு, "நம்ம சபையிலேயே ஒருத்தர் இருக்கார், பேர் சொல்லமாட்டேன்" என்று போதகர் சொல்ல, எல்லோரும் திரும்பி உளியாரைப் பார்த்தார்கள். பாட்டு எண் பலகையின் கீழே அவர் வியர்த்து வழிந்தார். அடக்கம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பாராட்டினார்கள்.

பலகைக்குப் பக்கத்தில் ஆர்மோனியம் துணி போர்த்திக் கிடந்தது. கல் நட்ட மறுவாரம் முதல் வாத்தியார் வாசிக்க வரவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் அடுத்த வீட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். "இப்பதான் துக்கம் உள்ள இறங்கியிருக்கு" என்றார்கள். உளியாரும் அதையேதான் நம்பினார். நம்ப வசதியாக இருந்தது.

ஆனால் ஆண்டவரிடம் வசதி பார்க்க முடியவில்லை. காலையில் ஜெபத்துக்கு மண்டியிட்டால் குளிராத அந்த இடம்தான் முன்னால் வந்து நிற்கும். "என்னை மன்னியும்" என்று தினமும் கேட்டார். ஆண்டவரிடம் கேட்பது சுலபம், அவர் வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சொல்லமாட்டார். திருவிருந்து ஞாயிறு வந்தால் அப்பத்தையும் பாத்திரத்தையும் எந்தக் கையால் வாங்குவது என்று தெரியாமல், முதல் மாதம் வயிற்றுவலி, இரண்டாம் மாதம் தலைவலி, மூன்றாம் மாதம் ஒரு வலியும் கிடைக்காமல் பாதி ஆராதனையில் வெளியே போய் நின்றார். ஒருவனோடு மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் அவனோடு சரிசெய்துகொண்டு பிறகு வா என்பது அவருக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருப்பதால் கால் நடந்துவிடுமா?

இப்படி எட்டு மாதம். பிறகு மழை வந்தது.

நாலு நாள் விடாமல் அடித்த மழை ஓய்ந்த காலையில் உளியார் பசை டப்பாவோடு கல்லறைக்குப் போனார். அடைக்க இனி ஒன்றும் இல்லை. பசை முழுசாகப் பெயர்ந்து கீழே புல்லில் 'வோ' துண்டு துண்டாகக் கிடந்தது. கல்லில் ப்போ பளிச்சென்று இருந்தது. உன்னை என்றும் மறப்போம். பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. மனைவி.

"யார் இந்தப் பொம்பளை, வாரா வாரம் வந்து பாக்கறீங்கன்னு நானும் வந்தேன்" என்றாள். பாதி விளையாட்டு, பாதி விளையாட்டில்லை. பிறகு கல்லைப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

உளியார் ஈரப் புல்லிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் சொன்ன 'மறப்போம்'தான் கையில் ஏறி உட்கார்ந்துகொண்டது என்பதையும் சொன்னார்.

"ஓ, கடைசியில என் தலையில போடறீங்களா?"

"இல்ல இல்ல. தப்பு என் கைதான். பொய் என் வாய்தான்." கொஞ்ச நேரம் பசை டப்பாவின் மூடியைத் திருகினார். "புதுக் கல்லு ஒண்ணு ரகசியமா வெட்டி, யாரும் இல்லாத நேரமா மாத்தி வெச்சுட்டா..."

"தப்பாத் தெச்சா பிரிச்சுத்தாங்க தெக்கணும்" என்றாள் தையல்காரி. "மேல இன்னொரு துணியை வெச்சுத் தெச்சா அது ஒட்டு. ஒட்டு மேல ஒட்டு போட்டா சட்டையே இருக்காது. இன்னொரு விஷயம் தெரியுமா? வாத்தியாருக்கு நாளைக்குக் கண் ஆபரேஷன். மகள் டாக்டர்கிட்ட பேசி ஏற்பாடு பண்ணியிருக்கா. கட்டு பிரிச்சதும் முதல்ல இங்கதான் வரணும்னு சொல்லியிருக்காராம்."

உளியார் பசை டப்பாவைக் கீழே வைத்தார்.

"அவர் கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடி நீங்க வாயைத் திறந்துடுங்க" என்றாள். "நானும் வரட்டுமா?"

"வேண்டாம். நானே போறேன்."

பத்து நிமிஷ நடை அன்றைக்கு அரை மணி ஆயிற்று. வாத்தியார் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நுழைந்ததும் உளியார் முதலில் பார்த்தது தேநீர் பிளாஸ்க். மூடி திறக்காமல் மேசைமேல் இருந்தது, பக்கத்தில் கவிழ்த்த கோப்பை. ஊற்றிக் கொடுக்க ஆள் வரும் வரைக்கும் வாத்தியார் காத்துக்கொண்டிருந்தார். தன் கையால் தேநீர் ஊற்றிய மனிதர்! பொத்தான் வைத்த சட்டையைக் காணோம், தலைவழியே மாட்டுகிற பனியன்தான். மூலையில் வீட்டு ஆர்மோனியம், அதன்மேல் பழைய செய்தித்தாள் குவியல்.

"யாரு?"

"உளி, சார்."

"வாங்க தம்பி. நாளைக்குப் போறேன்ல, ஜெபம் பண்ண வந்தீங்களா?"

"இல்ல சார். அறிக்கை பண்ண வந்தேன்."

நின்றுகொண்டே சொன்னார். உட்கார்ந்தால் இதமாகச் சொல்லத் தோன்றும் என்று பயம். எந்தச் சொல் வெட்டினார், எதை அடைத்தார், வெயில் என்று சொன்னது பொய், தோட்டக்காரர் புகழ்ந்தது பசை வைக்கப் போனதை. எதையும் விடவில்லை. "விரலுக்கு அப்படித் தோணுதுன்னு சொன்னேனே சார், அதுதான் எல்லாத்தையும்விட..." 

வாத்தியாரின் முகம் சிவந்தது.  

"எட்டு மாசம்" என்றார். குரல் உயர்ந்தது. "எட்டு மாசம் தம்பி! நீங்க பிழை விடாதவர். நீங்களே சொல்றீங்க, எல்லா இடமும் ஒரே மாதிரிதான்னு. அப்ப என் விரல்தானே தப்பு? எனக்குச் சர்க்கரை. விரல் மரத்துப்போகலாம்னு டாக்டர் எப்பவோ சொன்னது ஞாபகம் வந்துச்சு. சாயங்காலம் அடுத்த வீட்டு அம்மாவைக் கூட்டிக்கிட்டுத் திரும்பப் போய்த் தொட்டேன். வெயில் போயிடுச்சு, அப்பவும் அங்க குளிரல. அத்தோட முடிவு பண்ணிட்டேன். கண்ணு போச்சு, இப்ப விரலும் போச்சு. அதுக்கப்புறம் தேநீர் ஊத்தினா கை பயத்துல ஆடுது. ஆர்மோனியத்துல விரல் வெச்சா, இது சரியான கட்டைதானான்னு சந்தேகம். மாத்திரையைத் தொட்டா சந்தேகம். அவ முகத்தைக் கடைசியாத் தொட்டுப் பார்த்தது ஞாபகம் இருக்கு தம்பி. அதுகூட, நான் தொட்டது சரியாத்தானா தொட்டேன்னு..."

உளியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். துக்கம் என்று எல்லோரும் சொன்னது இதுவா? எழுத்துப் பிழையை மறைத்ததாகத்தான் இவ்வளவு நாள் நினைத்திருந்தார். ஒரு மனிதனின் பத்து விரலையும் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார். அழுதார். சத்தமாகவே அழுதார்.

வாத்தியார் எழுந்தார். "என்னை அங்க கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உளியார் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். கல்லின் முன்னால் வாத்தியார் மண்டியிட்டார். ஈரக் கல். கடைசி வரியைத் தேடி விரலை வைத்தார். ம. ற. ப். புள்ளிக்குள் விரல் நுனி இறங்கி நின்றது. போ. ம். மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. பிறகு உள்ளங்கையை முழுசாக அந்தச் சொல்மேல் வைத்தார்.

"குளிருது" என்றார். "எல்லா எழுத்தும் குளிருது. அப்ப அன்னைக்கு என் விரல் சொன்னது நிஜம்."

"நிஜம் சார். உங்க விரல் ஒருநாளும் பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

வாத்தியாரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து உளியார் குனிந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "உன்னை என்றும் மறப்போம்! நாற்பது வருஷம் அவ பிறந்தநாளை மறந்தவன் நான். இதைப் பார்த்திருந்தா, இப்பவாவது உண்மையை எழுதினாரேன்னு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா." சிரிப்பு நடுவில் எங்கேயோ அழுகையாகி, மறுபடியும் சிரிப்பாகி, மெல்ல அடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். உளியார் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"கோயில் திறந்திருக்கா?"

கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய சபைக் கோயில் திறந்திருந்தது. தோட்டக்காரர் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். வாத்தியார் ஆர்மோனியத்தின் துணியை இழுத்தார், துருத்தியைப் பிரித்தார், விரலை வைத்தார். முதல் கட்டையில் கொஞ்சம் தயங்கினார். பிறகு தயங்கவில்லை. எட்டு மாதத் தூசியோடு பாட்டு கிளம்பிக் கூரை வரைக்கும் போயிற்று. தோட்டக்காரர் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தார், சுருதி சேரவே இல்லை. உளியார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தோளிலிருந்து ஒரு கல் பலகையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மூச்சு இவ்வளவு ஆழமாகப் போகும் என்பதே மறந்துபோயிருந்தது.

வாத்தியார் அன்றைக்கு மன்னித்தேன் என்று சொல்லவில்லை. உளியாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லி முடித்ததே அப்போதைக்குப் போதுமாக இருந்தது. மறு ஞாயிறு போதகரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சபையின் முன்னால் நின்று, "அன்னைக்குப் பிரசங்கத்துல பேர் சொல்லாம பாராட்டினது என்னைத்தான், அது தப்பான ஆளு" என்று நடந்ததைச் சொன்னார். சிலர் முகம் சுளித்தார்கள். கல்லுக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு குடும்பம் வேறிடம் போயிற்று. போகட்டும். அந்த மாதத் திருவிருந்தில் உளியார் முதல் வரிசையில் கை நீட்டி நின்றார். மைத்துனன் வீட்டுக்கும் போய், மூன்று பிழைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

புதுக் கல் வந்தது. அதை வெட்டி, மூன்று தரம் பின்பக்கமிருந்து சரிபார்த்து, மனைவியையும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி, பிறகுதான் நட்டார். ஆபரேஷன் நன்றாக முடிந்திருந்தது. கட்டுப் பிரித்தும் புதுக் கல்லுக்காகக் காத்திருந்து, ஒரு மாதம் கழித்து வாத்தியார் வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. கண்ணால் ஒருதரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒருதரம் படித்தார். "சரி" என்றார். உளியாருக்கு அந்த ஒரு சொல் போதும்.

"பழைய கல் எங்க?"

"பட்டறையில சார். உடைச்சுடறேன்."

"உடைக்காதீங்க. கடைசிச் சொல்லை மட்டும் தனியா அறுத்து எடுங்க."

"உங்களுக்கா சார்?"

"எனக்கு எதுக்கு? எனக்கு இந்தக் கல் இருக்கு, மறவோம். அது உங்களுக்கு." வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆண்டவர் நம்ம தப்பைப் பத்திச் சொல்ற சொல் அதுதான் தம்பி. நான் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆச்சு. இப்ப சொல்றேன். நடந்ததை மறப்போம்."

உளியார் பட்டறைக்கு வந்து அன்றைக்கே அறுத்தார். "பிழையின்றி" பலகையைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் அந்தக் கல் துண்டை மாட்டினார். கல்லறைக் கல் செய்கிற கடையில் 'மறப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் முழுக் கதையையும் சொல்கிறார், எந்த இடத்தையும் மெழுகாமல். சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வருகிற மனைவி கதை முடியும் வரைக்கும் வாசலில் நிற்பாள்.

"அந்தச் சொல்லை முதல்ல சொன்னது நான்" என்பாள். "அதையும் சேர்த்துச் சொல்லுங்க."